ஜெர்மனியிலிருந்து ஓசூருக்கு ஒரு மெஷின்: விமானமா, கப்பலா?

கேள்வி: ஓசூர் வாசகர், 8 செப்டம்பர் 2025, காலை 10.12

ஓசூரில் சின்னதாக பிசிபி (சர்க்யூட் போர்டு) அசெம்ப்ளி யூனிட் நடத்துகிறோம். மியூனிக் பக்கத்தில் ஒரு கம்பெனியிடம் போர்டில் பாகங்களை எடுத்து வைக்கும் புது பிக் அண்ட் பிளேஸ் மெஷின் பேசியிருக்கிறோம். மெஷின் 1,800 கிலோ, கூடவே அதற்குப் பாகங்களை ஊட்டும் ஃபீடர்கள் தனிப் பெட்டிகளில். எக்ஸ்-வொர்க்ஸ் விலை (அவர்கள் ஷெட்டிலேயே நாம் எடுத்துக்கொள்ளும் விலை) குறைவாக இருக்கிறது, அதையே எடுத்துவிடலாம் என்கிறார் பார்ட்னர். கப்பலில் வந்தால் செலவு மிச்சம், விமானத்தில் வந்தால் ஏர்லைன்ஸே பொறுப்பு என்பதால் இன்ஷூரன்ஸ் தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். இறக்குமதி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்கள்: கார்கோக்காரன், சென்னை

8 செப்டம்பர், பகல் 1.20

இன்ஷூரன்ஸ் தேவையில்லை என்று சொன்னவர் பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். ஏர்லைன்ஸ் பொறுப்பு என்பது உண்மைதான். எவ்வளவுக்குப் பொறுப்பு என்று கேளுங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சரக்குக்குக் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான். 2024 டிசம்பர் 28 முதல் இந்தக் கணக்கு, அதற்கு முன் 22. ஒரு எஸ்டிஆர் 2025 செப்டம்பரில் சுமார் 120 ரூபாய். அதிலும் சேதமான பெட்டியின் எடையைத்தான் பார்ப்பார்கள். ஃபீடர் பெட்டி ஒன்று 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம்: 4,680 எஸ்டிஆர், ஐந்தரை லட்ச ரூபாய் சொச்சம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஃபீடர்களின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

கப்பலில் இன்னும் குறைவு. ஹேக்-விஸ்பி விதிப்படி ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இரண்டில் எது அதிகமோ அது.

ஆகவே மரைன் இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். விமானத்தில் வந்தாலும் அதற்குப் பெயர் மரைன் பாலிசிதான். இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் என்ற பாலிசி நிபந்தனைகளில் 'ஏ' வகை கேளுங்கள். பிரீமியம் குறைவு என்று 'சி' வகையை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். கப்பல் மூழ்கினால், லாரி கவிழ்ந்தால் அதில் பணம் வரும். ஃபோர்க்லிஃப்ட் பிளேடு பெட்டிக்குள் போனால் வராது. நம்ம ஊரில் மூழ்குகிற கப்பலைவிடக் குத்துகிற பிளேடுதான் அதிகம்.

8 செப்டம்பர், இரவு 9.45

எக்ஸ்-வொர்க்ஸ் பற்றி. பார்ட்னர் பார்ப்பது இன்வாய்ஸில் உள்ள எண்ணை. எக்ஸ்-வொர்க்ஸ் என்றால் விற்பவர் தன் ஷெட்டில் பெட்டியைத் தயாராக வைத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. லாரியில் ஏற்றிவிடுவதுகூட அவர் கடமை இல்லை. அவருடைய ஆள் உதவியாக ஏற்றும்போது பெட்டி சரிந்தால் நஷ்டம் உங்களுடையது. அது போக, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஏற்றுமதி டிக்ளரேஷன் போட அங்கே பதிவுள்ள ஏற்றுமதியாளர் வேண்டும். ஓசூர் கம்பெனி அப்படி ஆக முடியாது. கடைசி நிமிடத்தில் விற்பவரிடமே போய் நிற்க வேண்டி வரும்.

எஃப்சிஏ (ஃப்ரீ கேரியர்) விலை கேளுங்கள். ஏற்றுமதி கிளியரன்ஸும் உங்கள் ஃபார்வர்டர் (சரக்குப் பயணத்தை ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) அனுப்பும் லாரியில் ஏற்றித் தருவதும் விற்பவர் பொறுப்பாகிவிடும். அங்கிருந்து உங்கள் கட்டுப்பாடு. விலை கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

டிடிபி, அதாவது வரியும் கட்டி வாசலில் தருவது என்று 'எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' சொல்லுகிறார்களா? இங்கே பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) போட ஐஇசி நம்பர் (இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண்) வேண்டும், அது அவர்களிடம் இருக்காது. 18 சதவீத ஐஜிஎஸ்டியை நீங்கள் கிரெடிட் எடுக்க வேண்டுமானால் இறக்குமதியாளர் பெயர் உங்களுடையதாக இருந்தாக வேண்டும்.

9 செப்டம்பர், காலை 8.30

நேற்று எழுதாமல் விட்ட முக்கியமான விஷயம்: பெட்டியின் உயரம். பர்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விற்பவரிடம் பேக்கிங் அளவை எழுத்தில் வாங்குங்கள்.

பயணிகள் விமானத்தின் வயிற்றில், பெரிய உடல் விமானமாகவே இருந்தாலும், ஏறக்குறைய 160 சென்டிமீட்டர் உயரம் வரைதான் போகும். 155க்குள் இருந்தால் நிம்மதி. தாண்டினால் சரக்கு விமானம், அதாவது ஃப்ரெய்ட்டர். அதில் மேல்தளத்தில் 3 மீட்டர் வரை தாராளமாக ஏற்றலாம். ஆனால் ஃப்ரெய்ட்டர் தினமும் எல்லா ஊருக்கும் கிடையாது, கட்டணமும் வேறு. இரண்டு சென்டிமீட்டர் கூடியதால் ஒரு பெட்டி வாரக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மெஷின் உயரத்தில் பிரச்சினை இல்லை. அடியில் தடிமனான கட்டை வைத்து அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மெஷின் பெட்டி எப்படியும் ஃப்ரெய்ட்டர்தான் என்று நினைக்கிறேன். ஃபீடர் பெட்டிகளை வயிற்றிலேயே கொண்டுவர முடியும்.

9 செப்டம்பர், காலை 11.05

அளவு அனுப்பியதற்கு நன்றி. மெஷின் பெட்டி 220 × 200 × 190 சென்டிமீட்டர். பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றும் ஏர் கார்கோ கணக்கு இது: பெருக்கி 6,000ஆல் வகுத்தால் 1,393 கிலோ. நிஜ எடை 1,800. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், ஆக 1,800. இதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஃபீடர் பெட்டியைப் பாருங்கள்: 150 × 120 × 170. கணக்குப்படி 510 கிலோ. உள்ளே இருப்பதோ 180 கிலோ. பெட்டிக்குள் பாதி காற்று, அந்தக் காற்றுக்கு யூரோவில் பணம் கட்டப் போகிறீர்கள். ஃபீடர்களை இரண்டு அடுக்காகப் படுக்கவைத்து 120 உயரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். 360 கிலோவாகிவிடும், வயிற்றிலும் போகும்.

11 செப்டம்பர், இரவு 10.10

கோவை நண்பர் 'கப்பல்தான் பாதுகாப்பு, கைமாற்றம் குறைவு' என்று எழுதியிருக்கிறார். பாதி சரி. முழுக் கண்டெய்னராக, விற்பவர் வாசலில் சீல் வைத்து உங்கள் வாசலில் சீல் உடைத்தால் உண்மையிலேயே கைமாற்றம் குறைவுதான். எல்சிஎல், அதாவது பலருடைய சரக்கோடு ஒரே கண்டெய்னரைப் பகிர்வது என்றால் கதையே வேறு. ஹாம்பர்க்கில் ஒரு ஷெட், சிங்கப்பூரிலோ கொழும்பிலோ ஒருமுறை மாற்றம், சென்னையில் சிஎஃப்எஸ் (கண்டெய்னரைப் பிரிக்கும் கிடங்கு), ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு ஆள் தூக்குவார். உங்கள் மெஷின் பக்கத்தில் டைல்ஸ் பேலட் நிற்கலாம், கெமிக்கல் டிரம் நிற்கலாம். துல்லிய மெஷினை எல்சிஎல்லில் போடாதீர்கள். எவ்வளவு மிச்சமானாலும் போடாதீர்கள்.

இன்னொன்று நாட்கணக்கு. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படையினர் 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்துப்போனதிலிருந்து பெரும்பாலான ஐரோப்பியக் கண்டெய்னர் கப்பல்கள் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வருகின்றன. பத்து நாள், பதினான்கு நாள் கூடுகிறது. அத்தனை நாளும் கண்டெய்னருக்குள் பகல் சூடு, இரவுக் குளிர். கூரையில் நீர் கோத்துச் சொட்டும். மெஷினின் நகர்வை அளக்கும் லீனியர் என்கோடருக்கு அது விஷம்.

ரீஃப்ளோ ஓவன் (போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் சூட்டடுப்பு) வாங்கப்போவதாகச் சொன்னீர்களே, ஐந்தாறு மீட்டர் நீளம், தகரமும் ஹீட்டரும்தான் பெரும்பகுதி. அதைத் தாராளமாகக் கண்டெய்னரில் கொண்டுவாருங்கள். ஒரே லைனுக்கு வரும் சாமான் எல்லாம் ஒரே வழியில் வர வேண்டும் என்று சட்டமில்லை.

12 செப்டம்பர், காலை 7.50

160 சென்டிமீட்டர் பற்றி ஒரு சேர்க்கை. அது 777, ஏ330 மாதிரி விமானங்களுக்கு. வளைகுடாவில் இறங்கி அடுத்த விமானம் ஏ320, 737 வகையாக மாறினால் வயிற்றின் உயரம் ஒரு மீட்டர் சொச்சம்தான். ஃபார்வர்டரிடம் 'எந்த ஏர்லைன்ஸ்' என்று கேட்டால் போதாது. பயணத்தின் இரண்டாவது கட்டத்தில் என்ன விமானம் என்று கேளுங்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு மதியம்

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஒருவர், சிப் தயாரிக்கும் மெஷின்களைச் செய்யும் நெதர்லாந்து கம்பெனியைப் பற்றி, 'ஏஎஸ்எம்எல் மெஷினை ஒரு ஜம்போ விமானத்தில் அப்படியே ஏற்றிவிடுவார்களாமே' என்று கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. அவர்களுடைய ஈயூவி (அதிதீவிரப் புற ஊதா ஒளி) மெஷின் ஒன்றைக் கொண்டுபோக 40 கண்டெய்னர், 3 சரக்கு விமானம், 20 லாரி என்பதுதான் பலகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கடுத்த ஹை-என்ஏ வகை மெஷின் சுமார் 150 டன். 2023 டிசம்பரில் முதல் மெஷினை இன்டெல்லின் ஓரிகன் ஆலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 250 பெட்டிகள், அதில் 13 பெரிய கண்டெய்னர்கள். கழற்றி, சுத்த அறையிலேயே சுற்றிக் கட்டி, அங்கே போய்த் திரும்பப் பூட்டுகிறார்கள். பெட்டி ஏறும் வரிசையே பூட்டும் வரிசையைப் பார்த்துப் போடப்படுகிறது. 212ஆவது பெட்டி முதல் விமானத்தில் போய் என்ன பயன்?

எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் நாசாவின் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. 2021இல் கலிஃபோர்னியாவிலிருந்து பிரெஞ்சு கயானாவுக்கு அதை விமானத்தில் அனுப்பவில்லை. 'எம்என் கொலிப்ரி' என்ற கப்பலில், பனாமா கால்வாய் வழியாக, 16 நாள். நாசாவிடம் விமானத்துக்குக் காசில்லாமல் இல்லை. கயென் விமான நிலையத்திலிருந்து கூரூ ஏவுதளம் வரை உள்ள சாலையில் ஏழு பாலங்கள், அந்த எடையை அவை தாங்காது. கப்பலென்றால் ஏவுதளத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்திலேயே இறக்கிவிடலாம். கடைசி அறுபது கிலோமீட்டர் சாலையைப் பார்த்துவிட்டுத்தான் ஆயிரக்கணக்கான மைல் பயணத்தை முடிவு செய்திருக்கிறார்கள். ஓசூர் நண்பரே, உங்கள் ஃபேக்டரி வாசலில் மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது? ஷட்டர் அகலம் எவ்வளவு? மாடியா, தரைத்தளமா?

14 செப்டம்பர், மாலை 6.30

ஷட்டர் 240 அகலம், பெட்டி 200 என்றால் போகும். ஆனால் நாலு அடி ஏறுதளம் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதற்கு ஹைட்ரா கிரேனை மட்டும் நம்பாதீர்கள். ஹைட்ரா தூக்கி நகரும்போது சுமை ஊசலாடும். கனமான மெஷின்களை நகர்த்தும் நல்ல ரிக்கிங் ஆட்களைப் பிடியுங்கள், உருளைச் சறுக்கு வைத்துத் தள்ளி ஏற்றுவார்கள். மெதுவாகத்தான் நடக்கும், நடக்கட்டும்.

எந்த விமான நிலையம் என்ற கேள்விக்கு: நான் சென்னையில் பிழைப்பு நடத்துபவன், இருந்தாலும் உங்களுக்குப் பெங்களூர்தான் சரி. சென்னையிலிருந்து ஓசூர் 300 கிலோமீட்டருக்கு மேல். தேவனஹள்ளியிலிருந்து ஹொசகோட்டே, சர்ஜாபூர் வழியாக அத்திப்பள்ளி வந்துவிடலாம். நகரத்துக்குள் பகலில் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, டிரான்ஸ்போர்ட்டரிடம் முன்பே பேசுங்கள். மாநில எல்லை தாண்டுவதால் இ-வே பில் நம்பரை டிரைவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டி கேளுங்கள். 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்பார்கள். ஒன்றில்லை.

22 செப்டம்பர், இரவு 11.00

பேக்கிங்குக்கு விற்பவருக்கு அனுப்ப வேண்டிய குறிப்பு என்று கேட்டீர்கள். நான் வழக்கமாக அனுப்புவது:

மரம் என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை ஒவ்வொரு பெட்டியிலும் தெரிய வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லையென்றால் பிளான்ட் குவாரண்டைன்காரர் நிறுத்துவார், நியாயமாகவே நிறுத்துவார். ப்ளைவுட்டுக்கு அது தேவையில்லை, ஆனால் அடியில் வைக்கும் கட்டைக்குத் தேவை. இங்கேதான் ஏமாறுவார்கள்.

மெஷினை அலுமினியத் தாள் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூட வேண்டும். ஹெட், கேன்ட்ரி போன்ற நகரும் பாகங்களுக்கெல்லாம் அசையாதபடி டிரான்ஸ்போர்ட் லாக் போட்டு, எந்த லாக்கை எந்த வரிசையில் கழற்றுவது என்ற தாளைப் பெட்டிக்கு வெளியே ஒரு பையில் ஒட்ட வேண்டும். எடைமையம் எங்கே, பிளேடு எங்கே நுழைய வேண்டும் என்று நான்கு பக்கமும் பெயிண்டில் குறி. ஃபோர்க்லிஃப்ட்காரர் படித்துப் பார்த்து ஓட்டமாட்டார், பார்த்ததும் புரிய வேண்டும்.

ஷாக் லேபிளும், சாய்ந்ததைக் காட்டும் டில்ட் லேபிளும் எதிரெதிர்ப் பக்கங்களில். ஷாக் லேபிளின் நடுவில் மெல்லிய கண்ணாடிக் குழாய் இருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடி விழுந்தால் அது சிவந்துவிடும், திரும்ப வெளுக்காது. உள்ளே ஒரு டேட்டா லாகரும் வையுங்கள். லேபிள் 'அடி விழுந்தது' என்று சொல்லும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று லாகர் சொல்லும். மணி தெரிந்தால் யார் கையில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

30 செப்டம்பர், காலை 9.15

'மெஷினில் பேட்டரி இல்லை' என்று விற்பவர் எழுதிவிட்டார் என்கிறீர்கள். டூல் பாக்ஸில்? நான் பார்த்த ஒரு சரக்கில் மெஷினுக்கு எல்லாக் காகிதமும் சரி. எக்ஸ்-ரேயில் டூல் பாக்ஸுக்குள் கார்ட்லெஸ் ஸ்க்ரூ டிரைவரின் உதிரி பேட்டரி தெரிந்தது. டிக்ளேர் செய்யாத டேஞ்சரஸ் குட்ஸ் என்று மொத்தச் சரக்கும் இறக்கப்பட்டது. தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரிக்கு ஆபத்துச் சரக்குப் பட்டியலில் யூஎன் 3480 என்று எண். 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது, சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கருவியோடு சேர்ந்து வந்தால் யூஎன் 3481, அதற்கு வேறு விதி. 'அந்த ஸ்க்ரூ டிரைவரை நாங்கள் இங்கேயே வாங்கிக்கொள்கிறோம்' என்று எழுதிவிடுங்கள், தொல்லை விட்டது.

காந்தம்கூட டேஞ்சரஸ் குட்ஸ்தான், பலருக்கு இது தெரியாது. யூஎன் 2807. பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தள்ளி அளந்தால் 0.159 ஆம்பியர்/மீட்டருக்கு மேல் காட்டினால் அது காந்தப்பொருள். விமானத்தின் திசைகாட்டியைக் குழப்பிவிடும் என்ற பயத்தில் வந்த விதி. உங்கள் மெஷினில் லீனியர் மோட்டார் இருந்தால் உள்ளே நிரந்தரக் காந்தம் வரிசையாக இருக்கும். முழு மெஷினுக்குள் இருக்கும்போது வெளியே பெரிதாகக் கசியாது. ஸ்பேர் காந்தத் தடம் தனியாக வருகிறதா என்று கேளுங்கள், அப்படியென்றால் அளந்து எழுதித் தர வேண்டும்.

6 அக்டோபர், இரவு 8.40

காகிதங்கள். சுருக்கமாகவே சொல்கிறேன், மற்றதை உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் பார்ப்பார்.

விமானம் இறங்கும் முன்பே பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிடச் சொல்லுங்கள். தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. சரக்கு ஷெட்டில் கிடப்பதற்கான டெமரேஜ் அது தனி.

இலவசமாக அனுப்பும் ஸ்பேர்களுக்கு 'மதிப்பு இல்லை' என்று விற்பவர் எழுதுவார். எழுதக் கூடாது. காசு வாங்காவிட்டாலும் கஸ்டம்ஸுக்கு மதிப்பு உண்டு. நியாயமான விலையைப் போட்டு 'கஸ்டம்ஸ் மதிப்பீட்டுக்கு மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

ஃப்ரெய்ட்டர் கட்டணம் அதிகமாக இருப்பதால் டியூட்டியும் ஏறுமோ என்று பயந்தீர்கள். விமானச் சரக்குக் கட்டணம் எவ்வளவு ஆனாலும், மதிப்பில் எஃப்ஓபி விலையின் (அங்கே ஏற்றிவிடும் வரையிலான விலையின்) 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று வேல்யூவேஷன் விதியே சொல்கிறது.

திருப்பூர் நண்பருக்கு, செகண்ட் ஹேண்ட் மெஷின் பற்றி: சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழ் வேண்டும், வயது, மிச்ச ஆயுள், புதிதாக வாங்கியபோது என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். பழைய கம்ப்யூட்டர், லேப்டாப் என்றால் தனி அனுமதி வேண்டும். அதைச் சாதாரண மெஷினோடு சேர்த்து யோசிக்காதீர்கள்.

7 அக்டோபர், காலை 7.30

கஸ்டம்ஸ் பரிசோதனைதான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம். இரவு முழுக்கக் குளிர்ந்த விமானத்தில் வந்த பெட்டி. கார்கோ ஷெட்டில் வெக்கை, வெளியே மழை. அங்கே அந்த அலுமினியப் பையைக் கத்தியால் கீறினால் ஐந்து நிமிடத்தில் மெஷின் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். அதிகாரியைக் குறை சொல்ல முடியாது, சிஸ்டம் 'திறந்து பார்' என்று போட்டால் அவர் பார்த்தாக வேண்டும். ஆனால் விற்பவரிடமிருந்து பேக்கிங் செய்யும்போதே படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: சீரியல் நம்பர் தகடு, பைக்குள் போகும் முன் மெஷின், பை மூடிய பிறகு, பெட்டி மூடிய பிறகு. 'மென்மையான கருவி, சுத்தமான அறையில்தான் திறக்க வேண்டும்' என்று உற்பத்தியாளர் கடிதமும் வேண்டும். இவற்றை வைத்து, இறக்குமதியாளர் இடத்திலேயே பரிசோதனை செய்யும்படி எழுதிக் கேட்கலாம். அதற்குரிய ஓவர்டைம் கட்டணம் கட்ட வேண்டும், அனுமதிப்பது அவர்கள் கையில். மரியாதையாக, முன்கூட்டியே, படங்களோடு கேட்டவர்களுக்குக் கிடைத்து நான் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திறந்த பிறகு ஓடிவந்து கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது.

15 அக்டோபர், மாலை 5.20

'மியூனிக்கிலிருந்து விமானம் கிளம்பியதாக டிராக்கிங் காட்டுகிறது, ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் இன்னும் லாரியில் இருக்கிறது என்கிறார் ஃபார்வர்டர். யார் பொய் சொல்கிறார்?' என்று ஓசூர் நண்பர் கேட்கிறார்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பெரிய பெட்டிகள் நிறைய லாரியில்தான் ஃப்ரெய்ட்டர் நிலையத்துக்குப் போகும். அந்த லாரிக்கே ஃப்ளைட் நம்பர் உண்டு. பயப்படாதீர்கள்.

18 அக்டோபர், காலை 10.05

இப்போதுதான் உங்கள் செய்தி பார்த்தேன். ஃபீடர் பெட்டி ஒன்றில் ஷாக் லேபிள் சிவப்பு, டிரைவர் கையெழுத்துக்கு அவசரப்படுத்துகிறார். உடனே இதைச் செய்யுங்கள்:

கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டாம், போடுங்கள். ஆனால் டெலிவரி ரசீதில், கையெழுத்துக்கு மேலே, 'பெட்டி எண் இன்னது, ஷாக் லேபிள் சிவந்துள்ளது, சேதம் இருக்கலாம், சர்வேக்கு உட்பட்டது' என்று எழுதிவிட்டுப் போடுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும், ஆங்கிலத்தில் எழுதினால் சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கு வசதி. டிரைவர் நிற்கும்போதே அந்தத் தாளும் லேபிளும் வண்டி நம்பரும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள்.

18 அக்டோபர், பகல் 2.30

நல்லது, எழுதிவிட்டீர்கள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கும் ரசீதில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், பிறகு உள்ளே என்ன உடைந்திருந்தாலும் அது உங்கள் இடத்தில் உடைந்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள்.

இன்றே இரண்டு கடிதம். ஒன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, சர்வேயர் அனுப்பச் சொல்லி. இன்னொன்று ஏர்லைன்ஸுக்கும் ஃபார்வர்டருக்கும் புகார். மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேதப் புகாருக்கு 14 நாள்தான், எழுத்தில் இருக்க வேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அவர்கள் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஏர்லைன்ஸிடம் வசூலிக்கும் உரிமையை நீங்கள் காப்பாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் உங்கள் கிளெய்மில் கைவைப்பார்கள்.

19 அக்டோபர், காலை 8.10

மெஷின் பெட்டியில் எந்த லேபிளும் மாறவில்லை என்பது பெரிய ஆறுதல். அதையும் இப்போதே திறக்க வேண்டாம். வைக்கப்போகும் அறையில், ஏசி ஓட, மூடிய பெட்டியாகவே ஒரு நாள் முழுக்க விடுங்கள். அறைச் சூட்டுக்கு மெஷினின் இரும்பு வர வேண்டும். இரண்டு டன் இரும்பு மெதுவாகத்தான் வரும். தீபாவளிக்கு முன் பூஜை போட வேண்டும் என்று அப்பா சொல்கிறார் என்றீர்கள். பெட்டிக்கே பூஜை போடுங்கள், தவறில்லை.

24 அக்டோபர், இரவு 9.30

சர்வேயர் முன்னிலையில் திறந்ததில் மூன்று ஃபீடர் வளைந்திருக்கிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன என்று படித்தேன். லாகர் காட்டும் அடி 17ஆம் தேதி இரவு 11 மணிக்கு மேல் என்றால் சரக்கு இந்தியாவில் இறங்கிய பிறகு. அந்த நேரத்தில் பெட்டி யாருடைய ஷெட்டில் இருந்தது என்பது கார்கோ ரெக்கார்டில் இருக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம், சர்வேயரிடம் மட்டும் கொடுங்கள்.

மெஷின் கேலிபரேஷன் முதல் ஓட்டத்திலேயே பாஸ் ஆனதைப் படித்ததும் எனக்கே ஒரு நிறைவு. அந்த டிரான்ஸ்போர்ட் லாக், திருகுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பத்திரமாக வையுங்கள். ஃபேக்டரி மாறும்போதோ விற்கும்போதோ அவை இல்லாமல் மெஷினை அசைக்க முடியாது. அடிக்கட்டையோடு பெட்டியின் தளத்தையும் வைக்க இடமிருந்தால் வையுங்கள்.

5 நவம்பர், இரவு 10.20

மதுரையிலிருந்து ஒரு டாக்டர், ஸ்கேன் சென்டருக்கு எம்ஆர்ஐ வரவழைப்பது பற்றிக் கேட்டிருக்கிறார். டாக்டர், உங்களுடையது வேறு வகைக் கவலை. வழக்கமான எம்ஆர்ஐ காந்தத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர், அதற்கு மேலும் திரவ ஹீலியம் இருக்கும், மைனஸ் 269 டிகிரியில். வரும் வழியில் காந்தத்துக்குள் மின்சாரம் ஏற்றியிருக்க மாட்டார்கள், காந்தப்புலம் கிடையாது. ஆனால் குளிர் இருக்கும். குளிரூட்டும் கோல்ட் ஹெட் ஓடாத ஒவ்வொரு நாளும் ஹீலியம் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு கையெழுத்துக்காகத் துறைமுகத்தில் ஒரு வாரம் நின்றால், அந்த ஒரு வாரத்துக்கான ஹீலியம் காற்றில் போய்விட்டது. திரும்ப நிரப்ப ஆகும் செலவு டெமரேஜைவிடப் பெரிது. ஆகவே கட்டட வேலை முடிந்து, சில்லரும் கரண்டும் ஓடும் நிலையில் இருக்கும்போதுதான் கப்பல் ஏற்றச் சொல்லுங்கள். 'மெஷின் வரட்டும், அதற்குள் முடித்துவிடலாம்' என்று கான்ட்ராக்டர் சொன்னால் கேட்காதீர்கள். சில லிட்டர் ஹீலியத்தோடு சீல் செய்து வரும் புது வகைக் காந்தங்களும் இப்போது கிடைக்கின்றன, அவற்றில் இந்த அவசரம் குறைவு. விலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

27 நவம்பர், மாலை 7.15

ஓசூர் நண்பர் திரும்ப வந்திருக்கிறார். வளைந்த மூன்று ஃபீடரையும் ரிப்பேருக்கு ஜெர்மனி அனுப்ப வேண்டும், கூரியரில் போட்டுவிடலாமா என்கிறார்.

கூரியரில் அனுப்பலாம், ஆனால் 'சாம்பிள்' என்று போட்டு அனுப்பாதீர்கள். இது திரும்பி வர வேண்டிய சாமான். ரிப்பேருக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கு கஸ்டம்ஸ் நோட்டிஃபிகேஷன்படி ரிப்பேர் செலவு, போக வரச் சரக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ் இவற்றுக்கு மட்டும்தான் டியூட்டி. மூன்று வருடத்துக்குள் திரும்ப வேண்டும். போனதும் வந்ததும் ஒரே பொருள் என்று நிரூபித்தால்தான் இந்தச் சலுகை. அதற்கு ஒரே வழி சீரியல் நம்பர். முறையான ஷிப்பிங் பில் (ஏற்றுமதி அறிவிப்பு) போட்டு, 'ரிப்பேர் செய்து திரும்பப் பெறுவதற்கு' என்று எழுதி, மூன்று ஃபீடரின் சீரியல் நம்பரையும் இன்வாய்ஸிலும் ஷிப்பிங் பில்லிலும் சேருங்கள். இதை விட்டுவிட்டு, திரும்பி வரும்போது புதுப் பொருளாக முழு மதிப்புக்கு வரி கட்டிய கம்பெனிகள் உண்டு. ஜெர்மனிக்காரரிடமும் சொல்லுங்கள்: பழையதை வைத்துக்கொண்டு வேறு நம்பர் உள்ள ஃபீடரை மாற்றி அனுப்பினால், அது ரிப்பேர் இல்லை, புது இறக்குமதி.

புரோக்கரிடமிருந்து செக்லிஸ்ட் வந்ததும் அந்தச் சீரியல் நம்பர் வரியை ஃபீடர் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் எனக்கு அனுப்புங்கள், ஆறு மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன்.